எண் 1-ஐ அழுத்தவும்

எங்கள் ஆபீசில் போன் மூன்று, ஆள் இரண்டரை. அந்த அரை ஆள் யார் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

ஆழ்வார்பேட்டையில், எல்டாம்ஸ் ரோட்டிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில் அப்பா கட்டிய வீடு. அதன் திண்ணைக்கு கிரில் அடித்து, ஸ்லைடிங் கண்ணாடி போட்டு, வாசலில் 'ஆடிட்டர்' என்று பலகை மாட்டியதும் அது ஆபீஸ் ஆகிவிட்டது. ஆர்ட்டிகிள்ஷிப் பையன் ஒருவன், டாலியில் கணக்கு ஏற்றும் அம்மாள் ஒருவர், அப்புறம் நான். கிளையண்ட் யாராவது கூப்பிட்டால் கூடத்தில் டி.வி.க்குப் பக்கத்தில் மணி அடிக்கும். என் அம்மா எடுப்பாள். "அவன் குளிச்சிண்டிருக்கான்", "சாப்பிட்டுட்டுத் தூங்கறான்" என்று உள்ளதை உள்ளபடி சொல்வாள். உள்ளதை உள்ளபடி சொல்கிற ஒருவரை வரவேற்பில் வைத்துக்கொண்டு ஆடிட்டர் ஆபீஸ் நடத்துவது எப்படி?

இந்த நிலையில்தான், மார்கழி சீசனில் நாரத கான சபா கேன்டீனில் அடைக்குக் காத்திருந்தபோது, சக ஆடிட்டர் ஒருவர் தன் இன்டர்நெட் போன் பெருமையை அவிழ்த்துவிட்டார். "கூப்பிட்டா மெஷின் எடுக்கும் ஓய். ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்துன்னு சொல்லும். நடுவுல கொஞ்சம் பாட்டு போடும். அதுக்குள்ள யாருன்னு பார்த்து, எடுக்கலாமா வேண்டாமான்னு நாம முடிவு பண்ணிடலாம்." அன்று கச்சேரியில் மெயின் ராகம் என்ன என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் மனசுக்குள் ஒரு குரல் "எண் 1-ஐ அழுத்தவும்" என்று மேல் ஸ்தாயியில் சஞ்சாரம் செய்துகொண்டிருந்தது.

கம்பெனிக்காரர்கள் வந்து இறக்கினார்கள். மேஜைப் போன் மூன்று, ரௌட்டர் ஒன்று, ஸ்விட்ச் ஒன்று, ஃபைபர் வந்து முடிகிற வெள்ளைப் பெட்டி ஒன்று. எனக்கு 101, பையனுக்கு 102. மூன்றாவதை, 103-ஐ, சமையலறையில் வைக்கச் சொன்னேன். காபி, டிபன் முதலிய விஷயங்களில் நிர்வாகத்துக்கும் சமையலறைக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. மனைவி அந்தப் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுப்பே சொல்லாமல் மிக்சிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை.

வரவேற்புக் குரல் என்னுடையதே. "வணக்கம். வருமான வரிக்கு எண் 1-ஐ அழுத்தவும். ஜி.எஸ்.டி.க்கு எண் 2-ஐ அழுத்தவும். மற்றவற்றுக்கு எண் 3." எதை அழுத்தினாலும் என் மேஜையில்தான் அடிக்கும், அழுத்துகிறவருக்கு அது தெரிய வேண்டியதில்லை. பதிவு செய்த நேரத்தில் உள்ளே சாம்பாருக்குப் பருப்பு வெந்துகொண்டிருந்ததால், ஜி.எஸ்.டி.க்கு அடுத்தாற்போல் குக்கர் விசில் ஒன்று நீளமாக விழுந்துவிட்டது. தி.நகர் ஜவுளிக்கடை கிளையண்ட் ஒருவர், "ஸ்டாஃபுக்கு கேன்டீன்லாம் போட்டுட்டீங்க போலிருக்கே சார்" என்று மரியாதையோடு விசாரித்தார். அந்த மரியாதைக்காகவே விசிலை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

"ப்ளக் அண்ட் ப்ளே சார்" என்று சொல்லிவிட்டுத்தான் விற்பனையாளர் போனார். ப்ளக் வரைக்கும் சரியாகத்தான் நடந்தது.

அப்பாவின் கறுப்புப் போனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 'ஓன் யுவர் டெலிபோன்' என்ற திட்டத்தில் முன்பணம் கட்டி, கட்டிய பிறகும் காத்திருந்து வாங்கியது. வந்த அன்று அதற்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் ஆயிற்று. ஆனால் வந்து உட்கார்ந்த பிறகு அது நம்மை எதுவும் கேட்டதில்லை. ரிசீவரை எடுத்தால் டயல் டோன். வீட்டில் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்ற கவலைகூட அதற்குக் கிடையாது. எக்ஸ்சேஞ்சில் அடுக்கி வைத்த பாட்டரிகள் செம்புக் கம்பி வழியாக 48 வோல்ட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊரே இருட்டில் கிடந்து, செல்போன்கள் ஒவ்வொன்றாக உயிரை விட்ட பிறகும், சென்னையில் பல வீடுகளில் செம்புக் கம்பி போன் பேசிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டிலும் பேசியது. பேசியது அம்மா.

சென்னைக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வந்தது 1882-ல், ஜார்ஜ் டவுன் எர்ரபாலு செட்டித் தெருவில். அந்தக் காலத்தில் கம்பியின் மறுமுனையில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். யார் வேண்டுமென்று சொன்னால் இணைப்பார். அந்த ஆளுக்கு வேலை இல்லாமல் செய்தவர் அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் ஈமக்கிரியை ஏற்பாடு செய்யும் தொழிலில் இருந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர். தனக்கு வர வேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவருக்குச் சந்தேகமாம். செத்த பிறகும் வாடிக்கையாளர் கைநழுவிப் போனால் மனுஷன் என்னதான் செய்வார்? தானியங்கி எக்ஸ்சேஞ்ச் ஒன்றைக் கண்டுபிடித்து 1891-ல் காப்புரிமை வாங்கினார். அவர் ஆபரேட்டரிடமிருந்து தப்பினார். நான் அம்மாவிடமிருந்து தப்பப் பார்த்தேன். அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

எனக்குக் கிடைத்தது ஃபைபர். அது கண்ணாடி இழை. அதில் வெளிச்சம் வரும், கரண்ட் வராது. ஆகவே வெள்ளைப் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் ஸ்விட்சுக்கும் போனுக்கும் தனித்தனியாக நம் வீட்டுக் கரண்ட். எங்கள் பக்கத்திலோ, 'பராமரிப்புப் பணி காரணமாகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்தடை' என்று பேப்பரில் அவ்வப்போது தெருப் பெயர்களோடு அறிவிப்பு வரும். முதல் தடவை வந்தது ஜூலை 31 நெருங்கும் நேரத்தில். ரிட்டர்ன் போடாத ஊர் முழுக்க ஆடிட்டரைத் தேடும் வாரம் அது.

கரண்ட் திரும்பியதும் எல்லாக் கருவிகளும் ஒரே சமயத்தில் கண் விழித்தன. அதுதான் வினையே. போன் சீக்கிரம் எழுந்துவிடும். வெள்ளைப் பெட்டியும் ரௌட்டரும் சோம்பல் முறித்து எழ இரண்டு மூன்று நிமிஷம் எடுக்கும். போனின் திரையில் 'இனிஷியலைசிங்' என்று வந்தது. பிறகு 'ஆப்டெய்னிங் ஐ.பி. அட்ரஸ்'. அப்புறம் 'நெட்வொர்க் அன்அவெய்லபிள்'. அங்கேயே நின்றுவிட்டது. நானும் அதன் எதிரில் நின்றேன். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தை அருகில் கொண்டுபோய், "வா, வா" என்று அதனிடம் சொன்னதாகப் பையன் பிற்பாடு தன் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறான்.

இந்தப் போன் எழுந்தவுடன் முதல் வேலையாக, 'நான் யார், என் விலாசம் என்ன' என்று வீட்டுக்குள் பொதுவாக ஒரு கூவல் கூவும். ரௌட்டர்தான் விலாசம் ஒதுக்க வேண்டும். சென்னைவாசிக்கு இது புதிதில்லை. எங்கள் வாசலிலேயே 'பழைய எண்', 'புதிய எண்' என்று இரண்டு எழுதியிருக்கிறது, தபால்காரர் ஒன்றை நம்புகிறார், கூரியர் பையன் மற்றதை நம்புகிறான். போனுக்கும் அதே கதி. நேற்றுவரை 192.168.1.12-ல் குடியிருந்த 101, கரண்ட் போய்வந்தால் 192.168.1.15 ஆகிவிடலாம். ரௌட்டர் இன்னும் விழிக்காத நேரத்தில் கூவினால் விலாசமே கிடையாது. சில கருவிகள் பொறுத்துப் பார்த்துவிட்டு 169.254 என்று ஆரம்பிக்கும் விலாசம் ஒன்றைத் தாங்களே சூட்டிக்கொள்ளும். அந்த விலாசத்தை வைத்துக்கொண்டு வாசல்படியைத் தாண்ட முடியாது. எங்கள் போனுக்கு அந்தத் துணிச்சலும் இல்லை. அது பேசாமல் உட்கார்ந்துவிட்டது.

கம்பெனி டெக்னீஷியனைச் செல்போனில் பிடித்தேன். "ரீஸ்டார்ட் பண்ணீங்களா சார்?"

"பண்ணினேன் தம்பி."

"எதை?"

"எல்லாத்தையும்."

"எல்லாத்தையும் ஒண்ணா பண்ணக்கூடாது சார். வரிசை இருக்கு."

வரிசையை அவர் சொல்லச் சொல்ல நான் ஓர் ஆடிட் ஃபைலின் மேல் எழுதிக்கொண்டேன். அந்த ஃபைலைப் பையன் அன்றே கிளையண்டிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஆனால் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால், ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் சாய்வு நாற்காலியில் இருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அடுத்த மின்தடையில் கரண்ட் வந்ததும் நான் பாய்ந்து போனேன். "தொடாதே!" என்றாள். "மொதல்ல வெள்ளைப் பொட்டி. அதுல பச்சை நிக்கணும், மினுக்கிண்டு இருக்கக்கூடாது. செவப்பு எரிஞ்சா வேற எதையும் தொடப்படாது. பச்சை நின்னப்புறம் அந்தக் கொம்பு வெச்சது. அதுக்கும் அப்புறம்தான் போன்." கொம்பு வைத்தது என்றால் ரௌட்டர். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவள் முணுமுணுக்கும் ஸ்லோகத்துக்குச் சரியாக அத்தனை நேரம் பிடிக்கிறது. வரவேற்பிலிருந்து விலக்கப்பட்டவள் இப்படியாக இயக்கத் தலைமைக்குப் பதவி உயர்வு பெற்றாள்.

விலாசம் கிடைத்துவிட்டால் முடிந்ததா? இல்லை. அடுத்து போனுக்கு மணி என்ன என்று தெரிய வேண்டும். இன்டர்நெட்டில் நேரம் சொல்லும் சர்வர்கள் இருக்கின்றன, அவற்றைக் கேட்டுக்கொள்ளும். கேட்க முடியாத ஒரு நாள் எங்கள் 101-ன் திரை '1970 ஜனவரி 1, காலை 5.30' என்று காட்டியது. கம்ப்யூட்டர்க்காரர்கள் காலத்தை எண்ண ஆரம்பிக்கும் புள்ளி அது. கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு, நமக்கு ஐந்தரை. நேரம் தப்பாக இருந்தால் வேடிக்கையோடு போகாது. சர்வர் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்து, 'இதற்கு இன்னும் தேதியே வரவில்லையே' என்று போன் உதறிவிடும், லைன் வராது. நான் இதையெல்லாம் கூடத்தில் விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா, "1970 ஜனவரி ஒண்ணு, மார்கழின்னா. அஞ்சரைக்கு வாசல்ல கோலம் போட்டு முடிச்சிருப்பேன்" என்றாள். அந்த நேரத்தில் அந்தப் போனைவிட அவள்தான் நம்பகமான கடிகாரம்.

நேரமும் கிடைத்தபின், 'நான் 101, இங்கே இருக்கிறேன்' என்று கம்பெனி சர்வரிடம் போன் பதிவு செய்துகொள்ள வேண்டும். இதற்கான நடைமுறைக்கு எஸ்.ஐ.பி. என்று பெயர். முதல் வடிவம் 1999-ல் வந்தது, இன்று புழங்குவது 2002-ல் திருத்தியது. 1999-ல் நம் நாட்டில் இன்டர்நெட் வழியாகப் போன் பேசுவதே சட்ட விரோதம். 2002 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் அனுமதித்தார்கள். தேதியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், உண்மையாகவே அனுமதித்தார்கள். ஆனால் இங்கிருந்து வெளிநாட்டுப் போனுக்குத்தான் பேசலாம், உள்நாட்டுப் போன் எதற்கும் இணைக்கக்கூடாது என்றார்கள். அதற்கு முந்தைய வருஷங்களில், நியூ ஜெர்சியில் பிள்ளை இருந்த எங்கள் தெரு மாமாக்களில் யார் யார் கம்ப்யூட்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு "கேக்கறதா? கேக்கறதா?" என்று கத்தினார்கள் என்பதை இங்கே எழுதுவது நாகரிகமில்லை.

எஸ்.ஐ.பி.யில் என்னைக் கவர்ந்த அம்சம் ஒன்று உண்டு. போன் அனுப்பும் முதல் விண்ணப்பத்தை சர்வர் நிராகரிக்கும். '401, உனக்கு அனுமதி இல்லை' என்று முகத்திலடித்துத் திருப்பி அனுப்பும். இது கோளாறே அல்ல, முறையே அப்படித்தான். நிராகரிப்போடு கூடவே ஒரு புதிர் வரும். போன் தன் பாஸ்வேர்டை அந்தப் புதிரோடு கலந்து ஒரு விடை செய்து மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அப்போதுதான் '200 ஓகே'. டெக்னீஷியன் தம்பி லேப்டாப்பில் இதைக் காட்டியபோது மற்றவர்களாக இருந்தால் 401-ஐப் பார்த்துப் பதறியிருப்பார்கள். வாழ்நாள் பூராவும் முதல் மனு திரும்பி வந்தே பழக்கப்பட்ட எனக்கு அது சொந்த ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

அடாப்டர் விவகாரம் தனி. எங்கள் மேஜையின் கீழ் இழுப்பறையில் கறுப்பு அடாப்டர்கள் ஒரு குடும்பமாக வாழ்கின்றன. எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே முனை, எதில் வேண்டுமானாலும் பொருந்தும். வெள்ளைப் பெட்டிக்கு 12 வோல்ட், போனுக்கு 5 வோல்ட். எது எது என்பதை, அடாப்டரின் வயிற்றில் சாம்பல் நிறத்தின் மேல் சாம்பல் நிறத்தில், எறும்பு படித்துக்கொள்ளும் அளவில் அச்சடித்திருக்கிறார்கள். 12 வோல்ட் பெட்டிக்கு 5 வோல்ட் கொடுத்தால் ஒரு விளக்கு மட்டும் மங்கலாகக் கண் சிமிட்டிவிட்டு மீண்டும் படுக்கும். 5 வோல்ட் போனுக்கு 12-ஐக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை வாசனையை வைத்தே அடுத்த வீட்டார் சொன்னார்கள். ரிச்சி தெருவுக்குப் பையனை அனுப்பினேன். கடைக்காரர், "ஏன் தம்பி, இன்னும் எத்தனை அடாப்டர்னு அலைவீங்க? பி.ஓ.இ. ஸ்விட்ச் வாங்கிக்கோங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நெட்வொர்க் கேபிள் வழியாகவே போனுக்குக் கரண்ட் கொடுக்கும் ஸ்விட்ச். விசாரித்தால் அது கேபிளில் அனுப்புவது சுமார் 48 வோல்ட். அப்பாவின் எக்ஸ்சேஞ்ச் அனுப்பிய அதே 48! ஸ்விட்சையும் வாங்கி, அதற்குப் பின்னால் ஒரு யு.பி.எஸ்.ஸையும் வைத்தேன். எர்ரபாலு செட்டித் தெருவில் ஆரம்பித்தது இப்போது எங்கள் செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் நடக்கிறது. ஆனால் யு.பி.எஸ். பிற்பகல் 2 மணி வரை தாங்குவதில்லை. அம்மாவின் பதவிக்கு ஆபத்து இல்லை.

சில்லறைக் கோளாறுகள் வேறு. பீரோவை நகர்த்தியதில் ஃபைபர் மடிந்து சிவப்பு விளக்கு எரிந்தது. பீரோவை மறுபடி நகர்த்தினோம். போனின் முதுகில் ஒரே மாதிரி இரண்டு ஓட்டைகள், ஒன்று உள்ளே வரும் லைனுக்கு, மற்றது கம்ப்யூட்டருக்கு. பெருக்க வரும் அம்மா கேபிளைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தனக்குப் பிடித்ததில் சொருகுவார். ஒரு வாரம் நாங்கள் பேசுவது எதிராளிக்குக் கேட்கும், அவர் பேசுவது எங்களுக்குக் கேட்காது. ரௌட்டருக்குள் 'எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி.' என்று ஒரு வசதி, போனின் செய்திகளில் இருக்கும் விலாசத்தை உதவியாகத் திருத்தித் தருகிறேன் என்று கிளம்பி, சரியாக இருப்பதையும் கெடுத்துவிடுமாம். அதை அணைத்துவிட்டால் போதும் என்றார் தம்பி. இதைக் கேட்ட மனைவி, "உதவி பண்றேன்னு வந்து நிக்கறதை எல்லாம் அணைக்க முடியுமா தம்பி?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை நான் காய் நறுக்கியதை மனசில் வைத்துக் கேட்ட கேள்வி அது.

எல்லாம் தீர்ந்தும் 103 மட்டும் வழிக்கு வரவில்லை. என் மேஜையிலிருந்து போட்டால் உடனே பிஸி டோன். மறுபடி போட்டால் மறுபடி பிஸி. கேபிளை மாற்றினேன், ஸ்விட்சில் வேறு ஓட்டைக்கு மாற்றினேன், பாஸ்வேர்டைப் புதிதாக அடித்தேன். பிஸி. காபிக்கு எழுந்து போய்த்தான் குடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் தம்பியை வரவழைத்தேன். அவர் சமையலறைக்குள் போய், அப்பளம் பொரிந்துகொண்டிருந்த அடுப்புக்குப் பக்கத்தில் நின்று ஏதேதோ அழுத்திப் பார்த்துவிட்டு வந்தார். முகத்தில் ஒரு சங்கடம்.

"விலாசம் வாங்கியிருக்கு சார். ரெஜிஸ்டரும் ஆகியிருக்கு. போன்ல ப்ராப்ளமே இல்ல."

"அப்புறம் ஏன் அடிக்க மாட்டேங்கறது?"

"டி.என்.டி. போட்டிருக்கு சார். தொந்தரவு செய்யாதேன்னு ஒரு பட்டன்."

"கரண்ட் போய் வரும்போது அதுவா விழுந்திருக்குமோ?"

தம்பி சமையலறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். "அது... கை வெச்சு அழுத்தினாத்தான் சார் விழும்."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "தம்பி, அதை எடுத்துடாதீங்கோ. கேட்கணும்னு நெனச்சேன், என் செல்போன்லயும் அது இருக்கா?"

"இருக்கு மேடம்" என்றார் அவர், சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவராக. பிறகு அவசரமாக பில் புத்தகத்தை எடுத்து, கோளாறு என்ற இடத்தில் 'யூசர் செட்டிங்' என்று எழுதி, சர்வீஸ் சார்ஜ் போட்டு, அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் போட்டு நீட்டினார்.

அந்த 18 சதவீதத்துக்காவது இன்புட் கிரெடிட் எடுக்கலாமே என்று பில்லைப் பையனிடம் கொடுத்தேன். அவன் இடத்தின் பெயரைப் பார்த்தான். சமையலறை.

"எடுக்க முடியாது சார். செக்‌ஷன் 17(5). சொந்த உபயோகம்."

"என்னடா சொந்த உபயோகம்? வாங்கினதிலேருந்து அந்தப் போனை ஒரு தரம்கூட என்னால உபயோகிக்க முடியலையே!"

"நீங்க இல்ல சார்" என்றான் பையன். "மேடம்."